ஞாயிற்றுக்கிழமை மாற்றிய முட்டைகள்

காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பிரிட்ஜை முந்நூறு முட்டை கொள்ளும் இன்குபேட்டராக மாற்றியவன் நான். ஓட்டம் நின்றுபோன பஸ்ஸின் வைப்பர் மோட்டாரைக் கழற்றிவந்து, உள்ளே இருந்த முட்டைத் தட்டுகளைத் தானாகச் சாய்க்க வைத்தவன் நான். பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, பல்பை உள்ளே வைத்து, முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் விளக்குச் செய்தவன் நான். நூல் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளை நாரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் கருவி ஒன்று வேண்டியிருந்தது. அதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று படித்தவர்கள் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நகை ஆசாரி ஒருவரின் பழைய தராசை வைத்து ஒன்பதே நாளில் அதைச் செய்து மேசைமேல் வைத்தவனும் நான்தான். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை பிடுங்க.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைச் சொன்ன பிறகு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பெரிய ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடம். இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்து, ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால், அங்கே புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி போன் செய்தார். புது இன்குபேட்டர் வந்திருக்கிறதாம். உள்ளே கேமரா இருக்கிறதாம். யார் கதவைத் திறந்தாலும், எந்த முட்டையைத் தொட்டாலும், நேரத்தோடு பதிவாகிவிடுமாம். பழையதைக் கழித்துவிடப் போகிறோம், அதற்கு முன்னால் இந்த வருஷ மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், பசங்கள் எல்லாரும் கேட்கிறார்கள் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் அந்தக் கேமரா மனதில் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒன்று என் காலத்தில் இருந்திருந்தால் ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்காது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டவும் மல்லாட்டை பிடுங்கவும் போவார்கள். பதினாலு வயதில் மயிலம் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சேர்ந்தேன். ஈரக் கையால் முட்டையைத் தொடாதே. பேனாவால் முட்டைமேல் எழுதாதே, மை ஓட்டுக்குள் இறங்கிவிடும், பென்சிலால் எழுது. செத்த முட்டையை ஒரு நாள்கூட உள்ளே விடாதே, சூட்டில் அழுகி வெடித்தால் தட்டு முழுக்க நாசம். அங்கே கற்றது இவ்வளவுதான். இதோடு இன்னொன்றும் உண்டு. விளக்கில் பார்த்துச் செத்ததை எடுத்துப் போட்டால், அந்தக் குழியில் அதே நாள் வைத்த வேறு முட்டையைக் கையோடு வைத்துவிட வேண்டும். காலிக் குழியோடு தட்டை விடுவது எங்கள் தொழிலில் அவமானம். முதலாளி வந்தால் செத்தது எத்தனை என்று கேட்கமாட்டார். தட்டு நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். என் தப்பு இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது.

அந்தப் பொரிப்பகத்துக்கு முட்டை வாங்க வந்த மேடம்தான் என்னை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அவர்தான் அதன் தலைவர். சென்னைக்காரர். நான் முட்டைகளைக் காதருகே வைத்து ஒன்றோடொன்று தட்டி, கீறல் விட்டதைச் சத்தத்திலேயே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, என்கூட வருகிறீர்களா என்று கேட்டார். அன்றிலிருந்து பொரிப்பகத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நடுவே மடியில் முட்டைத் தட்டோடு பஸ்ஸில் போய்வருவது என் வேலை ஆயிற்று. திண்டிவனம் பஸ் கண்டக்டர்கள் எனக்கு முட்டை டாக்டர் என்று பேர் வைத்தார்கள். ஒருத்தன், "டாக்டரே, பிரேக் போட்டா குஞ்சுக்குத் தலை சுத்துமா?" என்பான். "உன் டிரைவர் போடற பிரேக்குல எனக்கே சுத்துது, குஞ்சு இன்னா பண்ணும்" என்பேன். பஸ் முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, அதே கேள்வியை, ஒரு வார்த்தை மாறாமல், மறுபடி கேட்பார். பிறகு மூன்றாவது தடவையும் கேட்பார். மூன்றாவது தடவைக்குள் சொன்னவருக்கே தன் பதிலில் சந்தேகம் வந்துவிடும். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தால் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் முடிந்தது. அப்புறம் ஆண்டவனே வந்து சொன்னாலும் மாறாது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

ஒரு புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ரோட்டில் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. நான் நெல் உமியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, நடுவில் வெந்நீர்க் கேன்களை வைத்து, முட்டைகளை உமிக்குள் புதைத்து, கேன் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு முட்டைகூடச் சாகவில்லை. அதற்குப் பிறகு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் மேடம் என்னைக் காட்டி, "கன்னியப்பன் கையில முட்டை சாகாது" என்று சொல்லுவார். எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பட்டமாக வைத்திருந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பிற்பாடு அவ்வளவும் செய்தேன்.

அங்கே நடந்த ஆராய்ச்சி தசைநாண் பற்றியது. ஆட்டுக்கால் கடிக்கும்போது எலும்பு ஓரத்தில் வெள்ளையாகப் பல்லில் மாட்டுமே, வார் மாதிரி, அதுதான் தசைநாண். நம் ஜனங்கள் அதையும் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். நரம்பு வேறு. தசை இழுக்கிற இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இது. எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டும்போது கத்தி வழுக்கி, புண் ஆறின பிறகும் விரல் மடங்காமல் நிற்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். தசைநாண் அறுந்தவர்கள் அவர்கள். அறுந்தது மறுபடி பழைய பலத்தோடு வளர்வதில்லை. அப்படியானால் முதன்முதலில், கருவில், அதற்கு எப்படிப் பலம் வருகிறது என்று பார்க்க வேண்டும். கோழிக்குஞ்சின் கால்விரலில் அதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அருள்மேரி வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். அவர்கள் தெருவில் முதன்முதலாகப் பிஎச்டி வாங்கப்போகிற பெண். என்னை அண்ணே என்பாள். நான் அவளைப் பாப்பா என்பேன். மெலிந்த உடம்பு, பெரிய டிபன் பாக்ஸ். "இவ்ளோத்தயும் எங்க பாப்பா போடற?" என்று கேட்டால், "பாதி உங்களுக்குத்தான் எடுத்தாரேன், நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க" என்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இது. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு காலை உதைக்கிறது. தசைநாணுக்குப் பலம் தானாக வருகிறதா, இல்லை அந்த உதைப்பதால் வருகிறதா? உதைக்க விடாமல் செய்தால் என்ன ஆகும்? இது தெரிந்தால், தசைநாணைத் தைத்த கையைக் கட்டிப்போட்டு வைப்பதா, கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க விடுவதா என்று டாக்டர்களுக்கு ஒரு வழி கிடைக்கும் என்று அவள் சொன்னாள்.

எங்கள் வேலை முறை இது. ஒரு திங்கட்கிழமை முட்டை வைப்போம். மறு வாரம் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும், முட்டையின் மொண்ணைப் பக்கத்தில் காற்று நிற்கும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டு ஊசி வழியாக மருந்து விடுவாள். மெழுகு வைத்து ஓட்டையை அடைப்பாள். பன்னிரண்டு முட்டைக்கு மருந்து. அடுத்த தட்டில் பன்னிரண்டு முட்டைக்கு வெறும் உப்புத் தண்ணீர்; அதே ஓட்டை, அதே மெழுகு. இவை போக ஆறு உபரி முட்டைக்கும் உப்புத் தண்ணீர் விடுவாள். உப்புத் தண்ணீர்த் தட்டில் ஏதாவது செத்தால் ஈடுகட்ட அவை. ஒவ்வொரு முட்டைமேலும் பென்சிலால் எண் எழுதுவாள். ஏழு போட்டால் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுப்பாள். அது அவள் பழக்கம்.

அடுத்த திங்கள் காலை முட்டைகளைத் திறப்போம். முதலில் ஐஸில் வைத்து, பிறகு ஓட்டை உடைத்து, காலை வெட்டி, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் அலசி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து விரலை மடக்கும் தசைநாணை மட்டும் உரித்தெடுப்பாள். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவாள். அதை என் தராசில் மாட்டுவேன். ஒரு பக்கம் இறுக்கிய கிளிப், இன்னொரு பக்கம் சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவேன். நார் அறுகிற சொட்டு எத்தனையாவது என்று அவள் எழுதுவாள். உதைத்து வளர்ந்த குஞ்சின் நார் கிண்ணம் நிறைகிற மட்டும் தாங்கும். உதைக்காத குஞ்சினுடையது அதற்கு வெகு முன்னாலேயே பிசுக்கென்று விட்டுவிட வேண்டும். அப்படி விட்டால் அவள் நினைத்தது சரி.

முதல் சுற்று ஆரம்பிப்பதற்கு முன், "அண்ணே, இந்த மருந்து இன்னா பண்ணும்னு சொல்றேன், ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள்.

"பாப்பா, நீ பொறக்கறதுக்கு முந்தியே கோழிக்கு ஊசி போட்டுக்கினு இருந்தவன் நானு. நீ போய் எழுதற வேலயப் பாரு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். குஞ்சைக் கொல்லாமல், தசையை மட்டும் அசையவிடாமல் நிறுத்தும் மருந்து அது. எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் எனக்குத் தெரியாது.

நாள் கணக்குப் பாருங்கள். திங்கட்கிழமை வைத்த முட்டைக்கு மறு வாரம் சனிக்கிழமை கடைசி ஊசி. நடுவில் ஒரு ஞாயிறு. திங்கள் திறப்பு. ஞாயிறு காலை மேரி அவள் ஊர்க் கோயிலில் பூசைக்குப் போவாள். அன்றைக்கு இன்குபேட்டர் என் பொறுப்பு. தண்ணீர்த் தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும், சூட்டைப் பார்த்து எழுத வேண்டும். எனக்குச் சொன்ன வேலை அவ்வளவுதான். விளக்கில் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் முட்டைத் தட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

முதல் சுற்றின் ஞாயிறு. மருந்துத் தட்டை எடுத்து விளக்கில் வைத்து, நகத்தால் முட்டை ஓட்டைத் தட்டினேன். உயிருள்ள குஞ்சு தட்டினால் துள்ளும். சில முட்டையில் லேசாக ஏதோ ஆடியது. கையின் ஆட்டத்தில் நீருக்குள் குஞ்சு ஆடியதைத்தான் நான் உயிர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து முட்டையில் அந்த ஆட்டமும் இல்லை. ரத்த ஓட்டம் சிவப்பாகத் தெரிந்தது. புதிதாகச் செத்த முட்டையில் கொஞ்ச நேரத்துக்கு அப்படித் தெரியும், அதனால் இப்போதுதான் செத்திருக்கிறது என்று தீர்மானித்தேன்.

எனக்குப் பதறிப்போயிற்று. கன்னியப்பன் கையில் ஐந்து முட்டை. நாளைக்கு மேடம் முன்னால் உடைத்தால் செத்த குஞ்சு. அந்தப் பெண்ணுக்கும் இரண்டு வார வேலை வீண். உபரித் தட்டில் ஆறு முட்டை துள்ளிக்கொண்டு இருந்தன. அதே நாள் வைத்த முட்டை, அதே ஓட்டை, அதே மெழுகு. ஐந்து உபரி முட்டையின் பென்சில் எண்ணை ஈரத்துணியால் துடைத்தேன். செத்த முட்டையின் எண்ணை அதன்மேல் எழுதினேன். ஏழாம் எண்ணுக்கு நடுவில் மறக்காமல் கோடு இழுத்தேன். எடுத்த ஐந்தையும் கொல்லைப்பக்கம் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடினேன். மிஞ்சின ஒரு உபரியையும் சேர்த்துப் போட்டேன். உபரியைக் கழிப்பது வழக்கமாக என் வேலைதான். யாரும் கேட்கவில்லை.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

திங்கள் காலை மருந்துத் தட்டில் இரண்டு விதமான நார் வந்தது. ஏழு முட்டையின் நார் சீக்கிரம் அறுந்தது. ஐந்து முட்டையின் நார் கிண்ணம் நிறையத் தாங்கியது. மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் சுற்றில் நான்கு மாற்றினேன். மூன்றாம் சுற்றில் ஆறு மாற்றினேன். நார் பலமாக இருந்ததைப் பார்த்து, நான் வைத்த முட்டை நல்ல முட்டை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டுகூட இருந்தேன். சொட்டு விட்டது நான்தான். எண்ணிச் சொன்னதும் நான்தான். ஆனாலும் எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் சுற்று முடிந்ததும் மேடம் அவளை அழைத்தார். எல்லா முட்டைக்கும் மருந்து போட்டாயா என்று மூன்று தடவை கேட்டார். போட்டேன் என்று மூன்று தடவையும் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் விளக்கில் பார்த்தபோது ஒன்றுகூட அசையவில்லை என்றும் சொன்னாள், எழுதி வைத்திருந்ததையும் காட்டினாள். மேடம் அதைப் படித்துவிட்டு, "பாத்துட்டு எழுதினியா, எழுதிட்டுப் பாத்தியா?" என்றார்.  அடுத்த சுற்றில் ஞாயிற்றுக்கிழமையும் தட்டை விட்டு நகரக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்த மேரி நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, ஞாயித்துக்கெழம யாராவது உள்ள வந்தாங்களா?"

"என் கண்ணுல படாம ஒரு ஈ உள்ள போவாது பாப்பா" என்றேன்.

நாலாம் சுற்று. அந்த ஞாயிறு அவள் பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே வந்துவிட்டாள். நான் வழக்கம்போலத் தட்டை எடுத்து, விளக்கில் வைத்து, நகத்தால் தட்டி, அசையாத ஒரு முட்டையைத் தனியே எடுத்து வைத்தேன்.

"இன்னாண்ணே பண்றீங்க?" என்றாள்.

"இது செத்துப் பூட்டுது பாப்பா. உள்ள உட்டா வெடிச்சிடும்."

அவள் சிரித்துக்கொண்டே முட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். மறுபடி விளக்கின்மேல் வைத்து, அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் பாருங்க. ரத்தம் ஓடுது, தெரியுதா? உயிரு இருக்குது. மருந்து கட்டிப் போட்டிருக்குது, அவ்ளோதான். இன்னைக்கு அசஞ்சாத்தான் தப்பு. இதத்தானே அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் ஒரேடியா வெரட்டுனீங்க."

நான் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரத்தம் ஓடியது. மெல்லிய சிவப்புக் கோடு, விட்டு விட்டுத் துடித்தது. இப்படித் துடித்துக்கொண்டிருந்த பதினைந்தை நான் சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்கிறேன். அவள் தட்டில் மருந்தே படாத பதினைந்தை, அவள் கையெழுத்தில் எண் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் அவளும் நானும் மட்டும்தான். "ஏண்ணே மூஞ்சி இப்படிப் பூட்டுது, சாப்ட்டீங்களா இல்லியா?" என்று கேட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சம்பழ சாதம். அன்றைக்கு மட்டும் நான் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டேன். வாயில் சோறு இருந்தால் பேச வேண்டாம் அல்லவா.

திங்கட்கிழமை பன்னிரண்டு நாரும் சீக்கிரமே அறுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் நினைத்தது சரிதான். மேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் நிம்மதியானேன். பிள்ளைக்கு நல்லது நடந்துவிட்டது, இனி பழைய கதையை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன்.

மேடம் வேறு மாதிரி நினைத்தார். தான் எச்சரித்த பிறகு, ஞாயிறும் அவள் தட்டோடு இருந்த சுற்றில் மட்டும் பன்னிரண்டும் சரி. அதற்கு முந்தைய மூன்று சுற்றிலும் தப்பு. அப்படியென்றால் அந்த மூன்று சுற்றிலும் இந்தப் பெண் சில முட்டைக்கு மருந்தே போடவில்லை, விளக்கில் பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறாள். கணக்கு நன்றாகத்தான் பொருந்தியது. முட்டையை யாராவது மாற்றியிருந்தால் ஒழிய வேறு வழியில்லை என்று மேரி அழுதுகொண்டே சொன்னாள். மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கன்னியப்பன், ஞாயித்துக்கிழமையில யாராவது இந்த முட்டைகளத் தொட்டாங்களா?"

"இல்லீங்க மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். தலைப்பால் துடைத்தார். "ஞாயித்துக்கிழமையில யாராவது இந்த முட்டைகளத் தொட்டாங்களா?"

"இல்லீங்க."

மேரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கையோடு பார்த்தாள். மூன்றாவது தடவையும் மேடம் அதையே கேட்டார். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். மேடம் எழுதிக்கொண்டார்.

பதிவேட்டில் எழுதியது இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. வராந்தாவில் நின்று மேரிதான் எனக்குத் தமிழில் சொன்னாள்: முதல் மூன்று சுற்றும் மாணவியின் கவனக்குறைவால் கெட்டன; பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். சொல்லிவிட்டு, "பரவாயில்லண்ணே, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். வேறு இடத்தில் சேரப்போனாள், மேடத்தின் கடிதம் இல்லாமல் எங்கும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வேறொரு மாணவர் அதே வேலையைச் செய்தார். கட்டுரை வெளிவந்தது. அதில் மேரியின் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு என் பெயர் இருந்தது. என் பெயர் இல்லாமல் கட்டுரை போகக் கூடாது என்று நானே மேடத்திடம் போய் நின்று கேட்டு வாங்கியது அது. தராசு என்னுடையது, இன்குபேட்டர் என்னுடையது, என் பங்கு எங்கே என்று கேட்டேன். கேட்கத் தெரிந்த வாய்தான் அது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களெல்லாம் படித்துப் பார்ப்பார்கள்.

ஒரு தடவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மேரி எதிரில் வந்தாள். ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன் என்றாள். குழந்தை கையில் இருந்தது. நன்றாக இருக்கிறீர்களா, பிரிட்ஜு ஓடுகிறதா என்று விசாரித்தாள். நான் புதிதாகச் செய்த ஈரப்பதப் பெட்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அவள் பஸ் வந்துவிட்டது.

மலருக்கு எழுதச் சொல்லிப் போன் வந்த பிறகு, போன மாதம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். காபியைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். விளக்கு, உபரி முட்டை, ஈரத்துணி, ஏழாம் எண்ணின் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் மூன்று தடவை கேட்டதற்கு நான் சொன்ன பதிலுக்கும் எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

 சிவப்புப் பேனாவை மூடினாள். திறந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த முட்டை ஓடுங்கள கொஞ்ச நாளு வெச்சிக்கினு இருந்தேண்ணே. எடுத்து எடுத்துப் பாப்பேன். என் கையெழுத்துதான்னு நம்பிட்டேன். நான்தான் ஊசி போட மறந்துட்டேன் போலருக்கு, பாக்காமயே பாத்த மாதிரி எழுதிட்டேன் போலருக்குன்னு எனக்கே தோணிடுச்சி. இத்தினி வருஷமா அப்படித்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. எழுதி வெச்சிருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

அதனால் இதை எழுதுகிறேன். மேடம் ஓய்வுபெற்றுச் சென்னையில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டுவிட்டேன். மூன்று தடவை கேட்டவரிடம் நான்காவது தடவையாக நானே சொல்லியிருக்கிறேன்: தொட்டது நான்.

பொறுப்பில் இருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. மலரில் இதைச் சுருக்காதீர்கள். அருள்மேரியின் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த வரியை அடியுங்கள். அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவள் அவள், நாலாம் சுற்றில் அதைச் சரியென்று காட்டியவள் அவள் என்று எழுதிக் கட்டுரையை வெளியிட்டவர்களுக்கு அனுப்புங்கள். நன்றி என்று போட்ட இடத்தில் என் பெயர் வேண்டாம், எடுத்துவிடுங்கள். என் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். முதல் மூன்று சுற்றில் பதினைந்து முட்டைகளை மாற்றி, கேட்டபோது இல்லையென்று சொன்னவன் கன்னியப்பன். பதிவேட்டில் அதே பக்கத்தில் இதை எழுதுங்கள். எழுதி முடித்ததும் கூப்பிடுங்கள். முதல் பஸ்ஸில் வந்து பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.